பூப்போல ஓடிய சைக்கிள்

உடற்பயிற்சி மிஷின் விற்கிற கடைக்குள் கால் வைத்ததுமே அந்த விற்பனைப் பெண் கேட்டாள்.

"என்ன நோக்கத்துக்குப் பாக்குறீங்க மேடம்?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. வெங்காயம் வாங்கப் போனால் நோக்கம் கேட்கிறார்களா? பணத்தைக் கொடுத்தோமா, பொருளை எடுத்தோமா என்று இருக்கக் கூடாதா?

"உடம்புல ஒரு இடத்துல கொழுப்பு சேந்துருச்சு. அதக் கொறைக்கணும்" என்றேன்.

"வயிறா மேடம், இடுப்பா?"

"கல்லீரல்."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். எனக்குப் பின்னால், எடை தூக்கிப் பழகப் போட்டிருந்த பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மஞ்சள் பூத்த கண்ணையும், மெலிந்த கழுத்துக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்ற வயிற்றையும் பார்த்த பிறகு அவள் சிரிக்கவில்லை.

அவருடைய ஈரல் கைவிட்டுவிட்டது. என்னுடையதில் ஒரு துண்டு வைத்தால் பிழைப்பார் என்றார்கள். ரத்தம் பொருந்தியது. எல்லாம் பொருந்தி, கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என் ஈரல் முழுக்கக் கொழுப்பு. நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறவளுக்கு வேறு என்ன இருக்கும்?

"இப்ப இருக்கிற நெலமையில எடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "கொழுப்பு கொறையட்டும், எடுத்துக்கலாம். ஆனா சீக்கிரம் கொறையணும். இவரால ரொம்ப நாள் தாங்க முடியாது. சாப்பாடு நான் சொல்றபடி. அதோட தினமும் உடற்பயிற்சி. சும்மா கைய கால ஆட்டுறது இல்ல. யாராவது பேச்சுக் குடுத்தா பதில் சொல்ல முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும்."

"இவ வாய மூட வைக்கிற மிஷின இன்னும் யாரும் கண்டுபிடிக்கல டாக்டர்" என்றார் இவர். டாக்டரே சிரித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னைக் கூப்பிடுவது 'வாயாடி' என்றுதான்.

வேலைக்கு லீவு போட்டிருந்தேன். ஆனாலும் வெளியே போய் நடக்க வழியில்லை. சில நாள் ஈரல் வடிகட்டாத நஞ்சு தலைக்கேறி, தான் எங்கே இருக்கிறோம் என்பதே இவருக்கு மறந்துவிடும். அடுப்பைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பார். அதனால் வீட்டிலேயே, இவர் கண்ணெதிரிலேயே ஓட்டுகிற மாதிரி ஒரு மிஷின் வேண்டும் என்று வந்திருந்தோம்.

அந்தப் பெண் நல்லவள். விஷயம் தெரிந்த பிறகு தன் கடைச் சரக்கையே ஒவ்வொன்றாக வேண்டாம் என்று தள்ள ஆரம்பித்தாள். ஓடுகிற மிஷின் என் முட்டிக்கு ஆகாது என்றாள். படகு வலிப்பது போல இழுக்கிற ஒன்றில் என்னை உட்கார வைத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே ஏறி நின்றால் போதும், உடம்பைக் குலுக்கிக் கொழுப்பை உதிர்க்கும் என்று எழுதிப் போட்டிருந்த ஒரு பலகையை நான் ஆசையாகப் பார்த்தேன். "அது உங்களுக்கு வேணாம்" என்று மெதுவாகச் சொன்னாள். கடைசியில் ஒரு சைக்கிள். ஊரைச் சுற்றாத சைக்கிள். திருகைத் திருப்பத் திருப்ப மிதிப்பது கனமாகும். முட்டிக்குப் பாதகமில்லை, மூச்சும் வாங்கும்.

"கனம் எப்படிம்மா கூடுது?" என்று இவர் கேட்டார். அன்று கடையில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"உள்ள ஒரு சக்கரம் சுத்துது சார். பக்கத்துல காந்தம். கிட்ட வந்தா இழுத்துப் பிடிக்கும், தள்ளிப் போனா விட்டுடும்."

தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மிஷின் என்றால் அவருக்கு அப்படி. நான் தைக்கிற அதே ஆடைத் தொழிற்சாலையில் அவர் தையல் மிஷின் மெக்கானிக். பெடல் இறுகிப்போன மிஷினோடு மல்லுக்கட்டுகிறவளை அவர் வரிசையின் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். வந்து குனிந்து, ஒரு திருகைத் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "இப்ப மிதிம்மா" என்பார். வெண்ணெயாக ஓடும். எங்கள் வரிசைப் பெண்கள் அவருக்காகச் சண்டையே போடுவார்கள். நான் சண்டை போடாமல் கட்டிக்கொண்டேன்.

சைக்கிளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டோம். முதல் வாரம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வியர்வை கண்ணில் இறங்கும். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும். இவர் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"போதும், நிறுத்து. உனக்கு ஏதாவது ஆயிடும் போலருக்கு."

"உங்களுக்கு ஆயிடக் கூடாதுன்னுதான் ஓட்டுறேன். சும்மா இருங்க."

ஒரு நாள் மதியம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீங்கிய காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கருவிப் பை. அறையெல்லாம் எண்ணெய் வாசனை. முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு தெளிவு.

"எண்ணெ போட்டேன். ரொம்ப காஞ்சு கெடந்துச்சு" என்றார்.

"கீழ உக்காந்தா எழுந்திருக்க முடியாதுன்னு தெரியாது? புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்திக்கொண்டே தூக்கி உட்கார வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து எனக்கு ஓட்ட வந்துவிட்டது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். பழகினால் சுலபமாகும் என்று எல்லோரும்தானே சொல்கிறார்கள். திரையில் பார்த்தால் கனம் ஏறிக்கொண்டே போனது, வேகமும் ஏறியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. இந்த வயதில் எனக்குள் இப்படி ஒருத்தி ஒளிந்திருந்தாளா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரங்களை நினைத்தால்தான் நெஞ்சு கிழிகிறது. மிதித்துக்கொண்டே அவரோடு பேசினேன். அப்படிப் பேசினேன். சூப்பர்வைசர் விக் வைத்துக்கொண்ட கதை, எங்கள் கல்யாணத்தில் காணாமல் போன செருப்பு, குழந்தை இல்லை என்று நாங்கள் அழுத காலம், அழுவதை விட்ட காலம். அவரும் எடுத்துக் கொடுப்பார், கிண்டல் செய்வார். வேலை, வீடு என்று ஓடிய எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே கிடையாது. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல முடியக் கூடாது என்று டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எடை லேசா கொறஞ்சிருக்கு. ஈரல்ல பெருசா மாத்தம் இல்ல. பட்டினி கெடந்தா மட்டும் போதாதும்மா. பயிற்சி பண்ணுங்கன்னு சொன்னேனே."

"ஒரு நாள் விடாம ஓட்டினேன் டாக்டர்."

"ஓட்டியிருந்தா இப்படி இருக்காதும்மா."

நான் பொய்க்காரியா? அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பக்கத்தில் இவர் நாற்காலியில் சரிந்து கிடந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். "இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு" என்று டாக்டர் வாசல்வரை வந்து சொன்னது காதிலேயே நின்றது.

அந்த வாரம் என் நாத்தனார் வந்தாள். பார்சல் கொண்டு கொடுக்கிற வேலை. வண்டியை வெளியே போட்டுவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க உள்ளே வருவாள். ஜிம்முக்கெல்லாம் போகிறவள். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மிதித்துக்கொண்டே டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, இந்தக் கனத்துல என்னாலயே மூச்சு விட முடியாது. நீங்க கதை சொல்லிக்கிட்டு ஓட்டுறீங்க?"

தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினாள். என் நாடித்துடிப்பு அதில் ஓடியது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவளின் துடிப்பு. "எறங்குங்க" என்றாள். ஏறி உட்கார்ந்து, திருகைக் கடைசிவரை திருப்பி, மிதித்தாள். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது.

மூடியைக் கழற்றினோம். அவள் போன் வெளிச்சம் பிடித்தாள். காந்தத்தைத் தாங்குகிற தகடு சக்கரத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் பொருத்தியிருந்தது. நடுவே வாஷர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, பிசிறில்லாமல். திருகு மரையில் ஒரு சொட்டு எண்ணெய். திருகைத் திருப்பினால் திரையில் எண் மாறும். காந்தம் கிட்டவே வராது. யார் கை என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மிஷினிலும் அவர் அப்படித்தான் வாஷர் போடுவார்.

"அண்ணன் ஏன் இப்படிப் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

அவர் வேறு எதைச் செய்வார்? பொம்பளை ஒருத்தி மிஷினோடு கஷ்டப்படுகிறாள் என்றால் மிஷினில் கோளாறு. அதை இலேசாக்கிவிட வேண்டும். ஆயுசு முழுக்க அவர் செய்த வேலையே அதுதான். கனமாக இருப்பதற்காகவே ஒரு மிஷினைச் செய்வார்கள் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. வாயில் வந்ததைக் கொட்டிவிடுகிறவள் நான். பாவி மனுஷா, உன் கையாலேயே உன் உயிரைத் தள்ளி வைத்துவிட்டாயே என்று கேட்கத்தான் வாஷர்களை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கட்டிலருகே போனேன். விழித்திருந்தார். குரல் ரொம்பச் சன்னமாகிவிட்டிருந்தது.

"வண்டி எப்படி ஓடுது?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையில் டம்ளர் நிற்காது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். உலகத்தில் அவர் சரிசெய்த கடைசி மிஷின் அது.

"பூ மாதிரி ஓடுதுங்க" என்றேன்.

அன்றே நாத்தனாரும் நானுமாகக் காந்தத்தைப் பழைய இடத்தில் வைத்து இறுக்கினோம். இவரிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு ஓட்டியதுதான் ஓட்டம். ஆனால் மூச்சு வாங்குவது இவருக்குத் தெரியக் கூடாதே. தெரிந்தால் மறுபடி கருவிப் பையைத் தேடுவார். தேட முடியாவிட்டாலும் மனசு உடைவார். சைக்கிளை முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன், முதுகை மட்டும் அவர் பார்க்கிற மாதிரி. டிவியைச் சத்தமாக வைத்தேன். வாயைத் திறந்தால் நாய் மாதிரி இரைக்கும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

"வாயாடி" என்று கூப்பிடுவார்.

கையை மட்டும் தூக்கிக் காட்டுவேன்.

"ஏதாவது சொல்லேன்."

எதைச் சொல்வது? சொல்ல மூச்சு இருந்தால் கொழுப்பு கரையவில்லை என்று அர்த்தம். அவர் உயிர் என் பேசாத வாயில் இருந்தது.

"என் மேல கோவமா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் மிதிக்க முடியாது. இறங்கி, மூச்சு அடங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு அவரிடம் போகும்போது தூங்கியிருப்பார். முழித்திருந்தாலும் பாதி நாள் என்னை யாரென்று தெரியாது.

மூன்றாவது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நல்லா கொறஞ்சிருக்கும்மா. இப்ப எடுக்கலாம்" என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் டாக்டர் உட்காரவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. இவரை அதற்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, சிறுநீரகமும் படுத்துவிட்டது, ஆபரேஷன் மேசையில் கிடத்தினால் எழமாட்டார் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தக் கொழுப்பு கொஞ்சம் முன்னால் குறைந்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இவர் கட்டிலுக்குப் போனேன். நாத்தனார் காலடியில் நின்றிருந்தாள். நர்ஸ் மருந்து மாற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று இவருக்கு நல்ல நினைவு.

"ஸ்கேன் என்னாச்சு?"

"சுத்தமாயிடுச்சாம். எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க." பாதிதான் சொன்னேன்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நர்ஸைப் பார்த்து, "இவ ஓட்டுன மிஷின நான்தான் இலேசாக்கிக் குடுத்தேன் சிஸ்டர்" என்றார். "இல்லன்னா இவளால மிதிச்சிருக்கவே முடியாது."

நாத்தனார் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை எலும்பு நெரிகிற மாதிரி பிடித்தேன்.

"ஆமாங்க" என்றேன். "நீங்க இல்லன்னா நான் எங்க ஓட்டியிருப்பேன்."

நாத்தனார் வெளியே ஓடிவிட்டாள். இவர் என் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கோவம் போயிடுச்சா?"

"உங்க மேல எனக்கு என்னைக்குங்க கோவம் இருந்துச்சு?"

"அப்ப பேசு" என்றார்.

பேசினேன். அத்தனை நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் விட்டதையெல்லாம் பேசினேன். பக்கத்து வீட்டில் கதவு மாற்றியது, எங்கள் வரிசைக்கு வந்திருக்கும் புது மெக்கானிக்குக் கை கடினம் என்று பெண்கள் போனில் புலம்புவது, நீங்கள் எழுந்து வந்துதான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது. ஒவ்வொன்றுக்கும் அவர் 'ம்' சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் 'ம்' வரவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டாள். எனக்கு இப்போது மூச்சு நிறைய இருந்தது, நான் நிறுத்தவில்லை.