உண்ணியும் மேஸ்திரியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் ஞானதுரைக்குத் தெரியாத பூச்சி போடியில் கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார், ஊரும் நம்பும். பஜாரில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். ஏலச்செடியில் பேன் விழுந்தாலும் மாம்பூவில் தத்துப்பூச்சி உட்கார்ந்தாலும் ஆட்கள் ஓர் இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு, "டேங்குக்கு ஒரு மூடி" என்பார். எந்தப் பூச்சியானாலும் ஸ்பிரேயர் டேங்குத் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்துதான். ஒருநாள் எனக்குத் தலைவலி என்றேன். மனுசன் அதற்கும் மருந்து அலமாரியைத்தான் திரும்பிப் பார்த்தார்.

இப்பேர்ப்பட்ட மனுசன் வீட்டில்தான் உண்ணி வந்தது.

எங்கள் நாய் பெயர் மேஸ்திரி. குட்டியாக இருந்தபோது கடைக்குப் பின்னால் காலி உரச்சாக்குக்குள் கிடந்தது. நான்தான் முந்தானையில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முந்தல் ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. ஆட்கள் காய் பறிக்கும்போது இது மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்க்கும். தான் ஒரு வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர். ஆனால் காட்டுப்பன்றியைக் கண்டுவிட்டால் போதும், வேறு நாயாகிவிடும். பழம் உதிரும் காலத்தில் பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கும், கடமானும் எட்டிப் பார்க்கும். மேஸ்திரி குரைத்தே எல்லாவற்றையும் திரும்ப மலையேற்றிவிடும்.

அதன் காதுக்குள் முதல் உண்ணியைப் பார்த்தபோது ஆமணக்கு விதை ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். விதைக்குக் கால் முளைத்து நடந்ததும்தான் அலறினேன்.

"ஒரு உண்ணிக்கா இந்தக் கூப்பாடு?" என்றார் இவர்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வெள்ளைச் சட்டையில், மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்க ஆரம்பித்தார். பாஸ்டர் ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலக சமாதானத்தில் தொடங்கி, நாடு, மழை, பரீட்சை எழுதும் பிள்ளைகள், ஏலக்காய் விலை என்று இறங்கி வந்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த காபி சுண்டிவிடும். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நான் அடுப்பை நினைத்து ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். பாஸ்டரின் வெள்ளைச் சட்டைக் கைமேல் ஓர் உண்ணி நிதானமாக முழங்கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

என்ன செய்வேன்? சொன்னால், ஜெபத்தில் கண்ணைத் திறந்தேன் என்று ஆகிவிடும். பக்கத்தில் பார்த்தால் பாஸ்டரம்மாவும் கண்ணைத் திறந்துதான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். உண்ணி தோளில் ஏறி, கழுத்துப் பட்டிக்குள் இறங்கியது. பாஸ்டர் மழைக்கு வந்திருந்தார். "ஆண்டவரே, இந்தப் பள்ளத்தாக்கின் மேல் உம்முடைய கரம்... ஐயோ!"

அவ்வளவுதான். சட்டையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். காபி வேண்டாம் என்றுவிட்டார்கள். பஜாருக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. பூச்சிமருந்துக்காரர் வீட்டில் பூச்சி என்றால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் மருந்து வாடை அடித்தது. எட்டிப் பார்த்தால், இவர் முதுகில் மாட்டும் ஸ்பிரேயரை இறக்கிவைத்து எதையோ கலக்கிக்கொண்டிருக்கிறார். எதிரே மேஸ்திரி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

"ஏங்க, என்ன பண்றீக?"

"மேஸ்திரிக்கு மருந்தடிக்கப் போறேன். ஏலக்காய்ப் பேனுக்குக் குடுக்கிற மருந்து. பூச்சினா பூச்சிதானே? டேங்குக்கு ஒரு மூடி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏலச்செடி தன் உடம்பத் தானே நக்குமா? இது நக்கும். நக்குனா செத்துப்போகும். முதல்ல என் தலையில ஊத்துங்க. நான் பொழைச்சுக் கிடந்தா நாய்க்கு ஊத்தலாம்!" என்று நடுவில் போய் நின்றேன். அவர் ஸ்பிரேயர் குழாயைக் கீழே போட்டார். அதே வேகத்தில் மேஸ்திரியையும் அவரையும் இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இவர் கடை வாடிக்கைக்காரர்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "என்ன அண்ணாச்சி, நீங்க இங்கன?" என்றார்.

"சும்மா."

"நாய்க்கு உண்ணியாம்ல? ஒங்க கடையில அதுக்கு மருந்து இல்லியா அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். எருமை ஒன்றும் கனைத்தது. இவர் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார்.

டாக்டர் ஹேமாவதி சின்ன வயசுப் பெண். மேஸ்திரியின் காதைப் பிரித்துப் பார்த்து, சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து உண்ணிகளை நேராக இழுத்தெடுத்தார். "மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேணாம்மா. இப்படித்தான் எடுக்கணும். இதுக பன்னி, கடமான் மேல ஏறித் தோப்புக்கு வருதுக. அங்கன உதிர்ந்து புல்லு நுனியில காத்துக்கிட்டிருக்கும். உரசிக்கிட்டு எது போனாலும் ஏறிக்கிரும். நாயா, ஆடா, ஆளானு பார்க்காது. புல்லை வெட்டுங்க. தோப்புக்குப் போய்ட்டு வந்தா துணிய மாத்தி, சுடுதண்ணியில அலசி, உடம்பப் பாருங்க. கடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, உண்ணி கடிச்சதுன்னு டாக்டர்ட்ட சொல்லணும்."

இவர் துண்டுக்குள்ளிருந்தே, "டேங்குக்கு எவ்வளவும்மா?" என்றார்.

"டேங்கே வேணாம் சார். மாத்திரைதான். மாசம் ஒண்ணு."

மேஸ்திரி மாத்திரையை மிட்டாய் மாதிரிக் கடித்துத் தின்றது. வீட்டுக்கு வந்ததும் நான் இவரிடம், "இனிமே தோப்புல இருந்து வந்தா கொல்லையிலயே கைலிய மாத்திட்டுத்தான் உள்ள வரணும்" என்றேன்.

"நான் என்ன நாயா?" என்று கேட்டுவிட்டு, அதே கைலியோடு கட்டிலில் போய்ப் படுத்தார்.

மாத்திரை கொடுத்த பிறகும் பஜார் விடவில்லை. கடைக்கு வருகிறவன் எல்லாம் சொறிந்துகொண்டே வந்தான். வேண்டுமென்றேதான். பொட்டிப்புரத்திலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்து வாங்க வரும் குருசாமிக்கும் பன்றித் தொல்லை. அவர் ஒருநாள், "நல்ல நாய் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்க, இவர் யோசிக்கவே இல்லை. "என் நாயக் கொண்டுபோ" என்றுவிட்டார்.

"நாய் போனா உண்ணி போச்சு" என்றார் என்னிடம். நான் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குருசாமியின் குட்டியானை லோடு வண்டி வாசலில் வந்து நின்றதும், தோப்புக்குத்தான் போகிறோம் என்று நினைத்து மேஸ்திரி தானே குதித்து ஏறிக்கொண்டது. வண்டி தெரு திரும்புகிறவரை என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. "அடப்பாவி மனுசா!" என்று வாசலில் நின்றே சொன்னேன். தெருவே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அன்றிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் உப்புமா. வீட்டைக் கழுவினேன், மெத்தையை வெயிலில் போட்டேன், மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். அங்கே தோப்பில் மேஸ்திரி இல்லாததால் பன்றிகளுக்குக் கொண்டாட்டம். இவர் இரண்டு வேளையும் காவலுக்குப் போனார். பன்றி புரண்ட புல்லிலேயே துண்டை விரித்து ஒரு தூக்கமும் போட்டு வருவார்.

தலையணையில் ஓர் உண்ணி ஊர்ந்தது. குளியலறைச் சுவரில் ஒன்று.

"பழைய ஸ்டாக்கு" என்றார் இவர், இடுப்பைச் சொறிந்துகொண்டே. "தீர்ந்துரும்."

"இடுப்புல என்ன?"

"வேர்க்குரு."

அடுத்த ஜெபக்கூட்டம் வந்தது. பாஸ்டர் நல்ல மனுசன், எங்களைக் கைவிடவில்லை. ஆனால் மெத்தை நாற்காலியைத் தொடவே இல்லை. கூடத்து நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வேட்டியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, காலையும் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டார். ஜெபம் தொடங்கியது. என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். நான் கண்ணைத் திறந்தேன். பாஸ்டரும் திறந்தேதான் ஜெபித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.

இவர் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஓர் உண்ணி வெளியே வந்தது. வந்து, பிடரியில் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்தது.

பாஸ்டர் ஏலக்காய் விலைக்கு வராமலேயே, உலக சமாதானத்தோடு "ஆமென்" என்றார்.

நான் இவரைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடுப்பு மடிப்பில், வேர்க்குரு என்று சொன்ன இடத்தில், ஆமணக்கு விதை ஒன்று கொழுகொழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேர்க்குருவா இது? வேர்க்குருக்குக் காலு இருக்குமா? உண்ணியக் கொண்டாந்தது நாயில்ல, நீங்க! நாயா, ஆளானு பார்க்காதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல?"

"எப்பச் சொன்னாக?"

"நீங்க துண்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தப்ப!"

இடுக்கியால் நேராக இழுத்தெடுத்தேன். "ஆ" என்றார். கூடத்தில் பாஸ்டரம்மா காபியை அவர்களாகவே போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் குருசாமிக்குப் போன் போட்டேன். "நாயத் திருப்பிக் கேக்காதீக அக்கா" என்றார். "அது வந்ததுல இருந்து சோளக்காட்டுக்குள்ள ஒரு பன்னி கால் வைக்கலை." பிறகு குரல் இறங்கியது. "ஆனா சோறுதான் தொட மாட்டேங்குது. வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்க்குது. எனக்கே பாவமா இருக்கு."

நான் போனை ஸ்பீக்கரில்தான் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் உப்புமாத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரியாத துகளையெல்லாம் பிடிக்கப் போவதாக ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். சொந்த இடுப்பில் இருந்த உண்ணியைப் பிடிக்கத் தெரியாதவரோடு அந்த ஊருக்குப் போகிறேனே என்று நினைத்தேன்.

மேஸ்திரி வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. குருசாமி கயிற்றை அவிழ்த்தார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நன்றிகெட்ட நாய், முந்தானையில் சுமந்து வந்த என்னைத் தாண்டி ஓடி, தன்னைத் துரத்திவிட்ட மனுசன் காலில் போய் விழுந்து புரண்டது. அவர் முகத்தையெல்லாம் நக்கியது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லி அறியாத என் வீட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே மேஸ்திரி, நீ கொண்டாரலடா. நான்தான் கொண்டாந்தேன். நான்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். குருசாமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். பார்க்காமல் விடுவேனா?

வரும் வழியில் மூன்று பேரும் தோப்பில் இறங்கினோம். இவரே அரிவாளை எடுத்துப் புல்லை அறுத்தார். மேஸ்திரி மரத்தடியில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு பேரும் நேரே உள்ளே நுழையப் பார்த்தார்கள். "நில்லுங்க, ரெண்டு பேரும்! கொல்லைப்பக்கம்!" என்றேன். மேஸ்திரியை முதலில் பார்த்தேன். காது, கக்கம், விரல் இடுக்கு, வால் அடி, எங்கேயும் ஒன்றுமில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தது. இவரைப் பார்த்தேன். முழங்கால் மடிப்பில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, நீ உள்ள போ" என்றேன். இவரிடம் துண்டைக் கொடுத்துக் கைலியைச் சுடுதண்ணீரில் போடச் சொன்னேன். இன்னொரு வாளியில் வெந்நீர் விளாவி, டெட்டால் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

துண்டோடு நின்றவர் பாட்டிலையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்வளவு ஊத்தணும் பாக்கியம்?"

"வாளிக்கு ஒரு மூடி" என்றேன்.

மேஸ்திரி உள்ளே போகவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்துகொண்டு, அவர் ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்கிறாரா என்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தது.