மணிக்கு ஒன்பது கிலோமீற்றர்

சராசரி வேகம்: மணிக்கு ஒன்பது கிலோமீற்றர்.

சுஜானி அந்த வரியை மூன்றாம் தடவையாகப் படித்தாள். கையில் பாதி மடித்த படுக்கை விரிப்பு. பலேர்மோ நகரின் கால்சாப் பகுதியில் பழைய மாளிகை ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள். அதன் பன்னிரண்டு அறைகளும் அவள் பொறுப்பு. இன்னும் ஐந்து கிடந்தது. அவள் அசையவில்லை.

விதுரன் ஒன்பதில் சைக்கிள் ஓடுகிற ஆள் இல்லை.

செப்டெம்பரில் அவனுக்கும் அவளுக்கும் கலியாணம். பலேர்மோவிலேயே படித்து வளர்ந்தவன். இப்போது இங்கிலாந்தில், டார்பிஷயரில், ஒரு பண்டகசாலையில் வேலை. சைக்கிள் பைத்தியம். மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏற்றத்தில்கூட பதினைந்துக்குக் குறைய மாட்டான்.

ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஓடுகிற பாதை அவனுடைய போனில் பதிவாகி, தானாகவே அவளுக்கும் வந்து சேரும். அப்படிச் செய்து வைத்தவனும் அவனேதான். கலியாணம் முடிய இருவரும் போகப்போகிற பாதையாயிற்றே! பழைய ரயில் பாதை ஒன்றில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளுக்கு விட்டிருந்தார்கள். குன்றுகளுக்கு நடுவே, சுரங்கத்துக்குள்ளே, உயரப் பாலங்களின் மேலே மூன்று நாள். ஒரு கார் வராது. ஒரு ஸ்கூட்டர் வராது.

அவளுக்காகத் தேடிப் பிடித்த பாதை. பதினொரு வயதில் வியா மக்வேதா தெரு முனையில் ஒரு ஸ்கூட்டர் அவளை அடித்து விழுத்தியது. அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டால் கால் அப்படியே உறைந்துவிடும்.

"மலையெல்லாம் எனக்கு ஏலாது" என்று முதலில் மறுத்தாள்.

"கரிக்கோச்சி ரயில் ஏறின மலை, சுஜா. தெரியாமல்தான் ஏறும். நீயும் ஏறுவாய்."

அதை நம்பிச் சைக்கிள் பழகினாள். அண்ணன் ஸ்ரீபன் துறைமுகத்தடியில் கப்பலில் வருகிறவர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன். பூசை முடிந்ததும் கடற்கரைப் புல்வெளியில் அவளை ஏற்றிவிட்டுப் பின்னால் ஓடி ஓடிக் கத்துவான். ஏப்ரலில் ஒருநாள் அவள் ஓடியதை அளந்து நேரே விதுரனுக்கு அனுப்பினான்.

"என்ன காட்டுது அண்ணா?"

"விடு பிள்ளை. உனக்கும் மானம் ரோசம் இருக்கெல்லே."

அது ஏப்ரல். இது ஜூன்.

சுஜானி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்திய பதிவுகளைத் திறந்தாள். நாலு ஞாயிறு. நாலிலும் ஒன்பது. இரண்டு கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தம், ஐந்து ஐந்து நிமிடம். யாருக்கோ மூச்சு வாங்கியிருக்கிறது. யாருக்கோ தண்ணீர் கொடுத்திருக்கிறான்.

அதைவிட மோசமானது நடுவில் இருந்தது.

பத்து ஐம்பதுக்கு நீலக் கோடு பாதையை விட்டு விலகி ஒரு சின்ன ஊருக்குள் போகிறது. ஒரு மணிக்குத்தான் திரும்பி வருகிறது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சிலுவை அடையாளம். கத்தோலிக்க ஆலயம்.

ஞாயிறு, பதினொரு மணி. அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

விதுரன் சைவம். கலியாணப் பேச்சுக்காலில் அவளுடைய அம்மா அனிற்றா ஒரேயொரு விஷயம்தான் கேட்டாள்: ஞானஸ்நானம் எடுத்து, ஆலயத்தில் தாலி கட்ட வேண்டும். "அது நடவாது மாமி" என்று விதுரன் முகத்துக்கு நேரே சொன்னான். அனிற்றா அழுதாள். சுஜானி அழவில்லை. பீடத்தின் முன்னால் நிற்கிற ஆசையைச் சத்தமில்லாமல் மடித்து வைத்தாள். சைவக் கோயில் மண்டபத்தில் கலியாணம் என்று முடிவானது.

எனக்காக ஒருநாள் வாசல் மிதிக்காதவன், எவளுக்காக நாலு ஞாயிறு உள்ளே இருக்கிறான்?

வேதக்காரப் பெட்டை. சைக்கிள் பழகுகிறவள். வேறென்ன?

அவனை அழைத்தாள்.

"நேற்று ஆரோட போனனி?"

"தனியத்தான். ஏன்?"

"அந்தச் சேர்ச்சுக்குள்ள என்ன வேலை?"

 

"மழை, சுஜா. ஒதுங்கினனான்."

அவள் வைத்துவிட்டு அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமை வானிலையைத் தேடினாள். வெயில். நாள் முழுக்க வெயில்.

இன்னொருமுறை அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்த 'செப்டெம்பர் கலியாணம்' வாட்சப் குழுவில் நாற்பத்திமூன்று பேர். படத்தைப் போட்டாள். ஆலயத்தைச் சிவப்பில் வட்டமிட்டாள். கீழே எழுதினாள்:

'மாப்பிள்ளை நாலு கிழமையாப் பூசைக்குப் போறார். ஆரோட எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.'

ஆறாவது நிமிடம் போன் அலறியது. ஸ்ரீபன்.

"அழி! உடனே அழி!"

"ஏன் அழிக்க வேணும்? என்னை விசரியாக்கினவன்..."

"விசரிதான் நீ! அந்த ஒன்பது ஆரின்ர வேகம் தெரியுமோ? உன்ர! ஏப்ரல்ல நான் அனுப்பினது. ஒன்பது கிலோமீற்றர், ரெண்டுக்கு ஒருக்கா நிண்டு தண்ணி. உன்னாலை மூண்டு நாளில முடிக்க ஏலுமோ எண்டு உன்னை மாதிரி ஓடிப் பாக்கிறான், லூசு!"



"அப்ப... சேர்ச்?"

"ஞானஸ்நானத்துக்குப் படிக்கிறான். பூசை முடியப் பாதரிட்டை ஒரு மணித்தியாலம். கலியாணத்துக்கு முதல் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால நிப்பாட்டிச் சொல்ல இருந்தவன். ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லி என்னைத்தான் கேட்டவன். இந்திராதேவி மாமிக்கு மட்டும் தெரியக்கூடாது, ஆறுதலா நேரில சொல்லுவம் எண்டு..."

அவள் அழித்தாள். அதற்கு முன்பே நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். பட்டியலில் முதல் பெயர், விதுரனின் தாய் இந்திராதேவி.

மறுநாள் பதினொரு மணிக்கு இந்திராதேவி விடுதி வாசலில் நின்றாள். தான் பார்த்துக்கொள்கிற வயதான சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து நேரே வந்திருந்தாள்; ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. உதடு காய்ந்திருந்தது.

"மாமி, உள்ளுக்கு வாங்கோ..."

"சண்டைக்கு வரேல்லைப் பிள்ளை. நன்றி சொல்ல வந்தனான். என்ர பிள்ளை என்னட்டை ஒளிச்சதை நீ வட்டம் போட்டுக் காட்டினாய்."

"எனக்கும் தெரியாது மாமி. சத்தியமாத் தெரியாது!"

"ஓம். தெரிஞ்சிருந்தா நீயும் ஒளிச்சிருப்பாய்." குரல் உயரவேயில்லை. "இவன்ர அப்பாவின்ர திவசத்துக்குத் தண்ணி இறைக்க எனக்கு இருக்கிறது ஒருத்தன். அவனும் இல்லையெண்டா அந்த மனுசனுக்கு ஆர் இருக்கினம்?"

பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

அன்று பின்னேரம் விதுரன் அழைத்தான்.

"அம்மா சத்தியம் வாங்கிட்டா, சுஜா. வீடியோவில அப்பான்ர படத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு."

"என்னெண்டு?"

"ஞானஸ்நானமும் இல்லை. கலியாணமும் இல்லை."

"நீ செய்தனியோ?"



"நேற்றிலயிருந்து அவ தண்ணியும் குடிக்கேல்லை."

"நீ மழை எண்டு பொய் சொன்னனி!"

"ஓம். சொன்னனான். என்ர பிழைதான். நீ இன்னொருக்கா என்னட்டைக் கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பன். நீ நாப்பத்திமூண்டு பேரிட்டைக் கேட்டாய்."

"விது, நான் மாமியின்ர காலில விழுறன். எனக்கு ஆலயம் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்..."

"அப்பான்ர படம், சுஜா" என்றான். "அதில கை வைச்சிட்டன்."

வைத்துவிட்டான்.

அனிற்றா மண்டபத்துக்காரனிடம் போய்க் கலியாண நாளை விடுவித்துவிட்டு வந்தாள். ஸ்ரீபன் தங்கைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சைக்கிளை வாடகைச் சைக்கிள்களோடு நிறுத்தினான். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு வந்தது. பூசைக்குப் போகாமல் வேலைக்கு வந்திருந்தாள். ஏழாம் அறையில் தலையணை உறை மாற்றும்போது போன் ஒருமுறை துடித்தது.

பதிவு. அவளுக்கு வருவதை அவன் நிறுத்த மறந்திருக்கிறான்.

பாதை அதேதான். முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்.

சராசரி வேகம்: இருபத்திநாலு.

அவள் விரலை நீலக் கோட்டில் வைத்தாள். இரண்டாவது கிலோமீற்றர், அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கும் இடம். அவன் நிற்கவில்லை. நாலாவது, தண்ணீர் குடித்திருப்பாள். நிற்கவில்லை. சுரங்கம், பாலம், எங்கும் நிற்கவில்லை. அந்தச் சின்ன ஊருக்குத் திரும்பும் இடம் வந்தது. விரல் தானாக ஆலயத்தின் பக்கம் திரும்பியது.

கோடு நேரே போயிற்று.