மாமன் சீராக வந்த மேகம்

நிலம் விலையேறிய வருடத்தில் அருப்புக்கோட்டை வட்டாரத்து மேகங்கள் எல்லாம் செவல்குளத்துக் கண்மாய்க்கு மேலே குடிவந்துவிட்டன. குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஜவுளிப் பூங்கா வருகிறது என்ற பேச்சில் அந்த ஊருக்குக் காசு வந்தது. காசு வந்த வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவது போல மேகமும் வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தூது போயின. ஓர் ஊர் தன் கோயிலில் முதல் விபூதியை விட்டுக்கொடுத்து ஒரு தூறல் வாங்கியது. இன்னோர் ஊர் கண்மாய் மீனையே எழுதிக்கொடுத்து அரைநாள் மழை வாங்கியது. செவல்குளத்துப் பெரிய ஆள் பொன்னுச்சாமி, நாட்டுக்கு நாடு பேசுகிற தோரணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்.

பக்கத்துக் கள்ளிமேட்டின் பஞ்சாயத்துத் தலைவி சந்தனம்மாளிடம் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. மிளகாய்ச் செடி தலை தொங்கிவிட்டது. இந்த மாதமும் பெய்யாவிட்டால் ஊரே திருப்பூர் பஸ் ஏறிவிடும். வெற்றிலை பாக்குத் தட்டோடு போனவள், மேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அண்ணே, எனக்குக் கூடப் பொறந்த ஆம்பள இல்ல. மகளுக்குக் காது குத்தணும். அவ ஒக்கார ஒங்க மடி வேணும்."

"இம்புட்டுத்தானா தாயி? வாரேன்." பொன்னுச்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காதுகுத்து அன்று பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து அலறியது. மனிதர் ஒரு சேலையையும் கம்மலையும் தட்டில் வைத்தார். மடி கொடுத்தவன் தாய்மாமன், தாய்மாமன் தன் வசதிக்குத் தக்க சீர் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் பெரிய பேச்சுவார்த்தைகளுக்கு நடுவில் அவருக்கு மறந்துபோயிருந்தது. பந்தியில் சந்தனம்மாளின் மதினி மாயக்காள் நாலு பேர் காதில் விழும்படியே கேட்டாள்.

"ஏத்தா, சேல எந்த மாமனும் எடுப்பான். மேகத்தக் கட்டி வச்சிருக்கிற மாமனும் இதத்தான் எடுப்பாகளா?"

"விடுங்க மதினி. அவுகளுக்கு என்ன முடையோ," என்றாள் சந்தனம்மாள்.

பொன்னுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எதிர்த்து நிற்கலாம். சீரில் குறை வைத்த மாமன் என்று பெயர் வந்தால் பந்தல்குடி டீக்கடை வரைக்கும் சிரிப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டு மேளத்தோடு சீர் கிளம்பியது. முன்னால் பழத்தட்டுகள், பின்னால் டிராக்டரில் கயிறு போட்டுக் கட்டிய, நிறைசூலி மேகம் ஒன்று. கரண்டுக் கம்பியில் உரசாமல் ஒருவர் கம்பால் தள்ளிக்கொண்டே வந்தார். சந்தனம்மாள் ஊர் எல்லையில் ஆரத்தி எடுத்து, கயிற்றை வாங்கி வேப்பமரத்தில் கட்டினாள். மிளகாய் பிழைத்தது.

பிள்ளை பெரியவளானால் அடுத்த சீர் உண்டு என்று செவல்குளத்தில் இப்போதே ஒரு மேகத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களும் சும்மா இல்லை; கூடப் பிறந்தவன் இல்லாத பெண்களாகப் பார்த்துச் செவல்குளத்துக்கு மடி கேட்க அனுப்புகின்றன. திருச்சுழிப் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் நகையைப் பற்றிக் கேட்பதில்லை. "பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் இருக்கானா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இருந்தால், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.