காற்றைக் குடிக்கும் படகு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற ஆள். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் போனில் சொன்னாள்: "தண்ணி இல்லக்கா, காத்துதான் படகைக் கவுக்கும்." அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சம் முழுக்க நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'பட்டறையில் பிசின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவள்...'

வேண்டாம். என் கதை எல்லாமே மூக்கில்தான் தொடங்குகிறது.

அவள் படகின் உடலை வடிவமைக்கிறவள். இது நோயாளிகளை ஆற்றில் ஏற்றிப்போகும் படகு. ஆழமில்லாத ஆறு, சுழலும் விசிறி வைத்தால் மணலில் தட்டும். அதனால் ஜெட். அடியில் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும், பின்பக்கம் பீய்ச்சும். படகைத் தள்ளுவதும் அதுதான், திருப்புவதும் அதுதான்.

(அந்த வாய்க்கு முன்னால் படகின் அடி வழவழவென்று இருக்க வேண்டும். கீல், அதாவது அடியில் நடுவாகத் துருத்திக்கொண்டு ஓடும் தண்டு, இருந்தால் அதை ஒட்டிக் காற்றுக்குமிழிகள் ஓடிவந்து வாய்க்குள் போகும். காற்றைக் குடித்த படகு முன்னேயும் போகாது, திருப்பினாலும் திரும்பாது. இனி பாடம் நடத்த மாட்டேன்.)

3

படகை ஓட்டப்போகிறவன் அவள் அண்ணன். அப்பா செத்த அன்று வேலையை விட்டு அவள் வரவில்லை என்று வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவன். போன வாரம் பட்டறைக்கு வந்து குனிந்து பார்த்தான்.

"அடியில கீலே இல்லையே பாப்பா. பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போகும். எனக்காக ஒண்ணு வையேன்."

பாப்பா என்று கூப்பிட்டுவிட்டான். அவள் உருகிப்போனாள். வரைபடத்தைத் திருத்தினாள்.

(படித்தவள் இப்படிச் செய்வாளா என்று எனக்கும் சந்தேகம்தான். என் தங்கை நாளைக்கே கூப்பிட்டால் நானும் செய்வேன்.)

கீல் ஒட்டியாகிவிட்டது. நாளைக்குச் சோதனை ஓட்டம். அமைதியான தண்ணீரில் ஒன்றும் தெரியாது, அலையடிக்கும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு உள்ளே ஒரு நோயாளி இருப்பார், அண்ணன் இருப்பான். இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

4

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்லிக் கீலை அறுத்தெடுக்கிறாள். "எல்லாம் உனக்குத்தான் தெரியும், அப்பவும் அப்படித்தான்" என்று அண்ணன் கிளம்புகிறான். அதற்கப்புறம் அவன் அவள் வீட்டு வாசலை

(முடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறாள். அண்ணன் வீட்டுக்கு வந்து போகிறான், அவள் மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறான். ஆறு கொந்தளிக்கும் வரை.

முடிவு மூன்று: அண்ணன் சிரித்துக்கொண்டே, "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்கிறான். எழுதிப் பார்த்தேன். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கிழித்துப் போட்டேன்.

5

இப்போது பட்டறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் கீலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டே போகிறான்.

"அம்சமா இருக்கு பாப்பா. அப்பா பாத்திருக்கணும்."

அறுக்கும் மெஷின் மேஜைமேல் கிடக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள்.

"அண்ணா..."

அடுத்த வரி எனக்கு வரவில்லை. எது நியாயம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் எப்படி எழுதினாலும் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போகிறான். நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

அவன் நிமிர்ந்துவிட்டான். "என்னம்மா, சொல்லு" என்கிறான்.

உங்களைத்தான் கேட்கிறான்.