கல் என்றால் நேற்று

மூன்று வருஷத்துக்கென்று ஊர் மாறி வந்த குடும்பம் எப்படி இருக்கும் என்று பார்க்க யாருக்காவது ஆசை இருந்திருந்தால், தலைநகரத்து மோதி பாக்கில் இந்திராணியின் வீட்டுக்குப் போயிருக்கலாம். மாயவரத்திலிருந்து பாத்திரங்கள் வந்து இறங்கிய மரப்பெட்டிதான் சாப்பாட்டு மேஜை. சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கூலர் இல்லை. மே மாதத்து வெக்கையில் தரையெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பாயை விரித்துப் படுத்தார்கள். எதையாவது வாங்கலாம் என்று யார் வாயெடுத்தாலும் பதில் தயாராக இருந்தது.

"நாம என்ன இங்கயே குடியிருக்கவா வந்தோம்?"

அந்தப் பதில் இந்திராணியுடையது. திரும்பிப் போகிற அவசரம் அவளுக்குத்தான். அவள் ஊரில் கணக்கு டீச்சர். கணவர் கலியமூர்த்திக்கு லோதி ரோடு ஆபீசில் மூன்று வருஷ டெபுடேஷன் கிடைத்தபோது, சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்து நிர்வாகி ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தான் அனுப்பினார். "மூணு வருஷந்தாம்மா. அந்த ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப நீ வந்து நிக்கலன்னா வேற ஆளப் போட்டுருவேன். அப்பறம் வருத்தப்படக்கூடாது." இனி ஒரே ஒரு குளிர்காலம், அவ்வளவுதான். அந்த ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டுதான் அவள் விடியற்காலையில் டோக்கனும் கையுமாகப் பால் பூத்தில் நின்றாள், மண்ணெண்ணெய் வரிசையில் நின்றாள், தண்ணீர் மேலே ஏறாத நாளில் கீழேயிருந்து சுமந்தாள். களைப்பு என்றால் ஒரு நாளைய களைப்பா? படுத்து எழுந்தாலும் இடுப்பை விட்டு இறங்காத களைப்பு.

குளிர்காலம்தான் கொடுமை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பஞ்சு அடைத்த ரஜாய்க்குள் சுகமாக முடங்கிக் கிடக்க, இவர்கள் மட்டும் இரண்டு கம்பளிகளுக்கு நடுவே செய்தித்தாளைப் பரப்பிப் போர்த்திக்கொண்டார்கள். யார் புரண்டாலும் மொடமொடவென்று சத்தம் கேட்டு மற்ற இருவரும் விழித்துக்கொள்வார்கள். மகள் பூங்கொடிக்கு டிசம்பர் வந்தால் இருமல். "அம்மா, சோப்ரா ஆண்ட்டி வீட்ல ரஜாய் எவ்ளோ நரம் நரமா இருக்கு தெரியுமா?" என்பாள். மெத்தென்று இருப்பதைச் சொல்ல அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துமே இந்த லட்சணம்.

இந்திராணிக்கும் இந்திக்கும் முதல் மாதத்திலேயே ஒரு தகராறு நடந்துவிட்டது. இஸ்திரிக்காரரிடம் துணி எப்போது வரும் என்று சைகையில் கேட்டிருக்கிறாள். "கல்" என்றார். கல் என்றால் நாளை என்று பூங்கொடி சொல்லிக் கொடுத்தாள்; இந்தியில் நேற்றுக்கும் அதே சொல்தான் என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் போய் நின்றால், "கல் தே தியா" என்றார் அவர். நேற்றே கொடுத்தாயிற்று என்கிறார். இவளோ நாளைக்குத்தான் தருவேன் என்று இழுத்தடிக்கிறார் என்று புரிந்துகொண்டு, சுத்தமான மாயவரத்துத் தமிழில் ஒரு பிடி பிடித்துவிட்டாள். துணி முந்தின சாயங்காலமே கலியமூர்த்தியின் கையில் வந்து சேர்ந்து அலமாரிக்குள் இருந்தது.

கலியமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் காபியோடு அந்தக் கதையையும் கொடுத்தார். "எங்க வீட்டம்மாவுக்கு நேத்தும் ஒண்ணுதான், நாளைக்கும் ஒண்ணுதான்!" வந்தவர்களும் சிரித்தார்கள். கணக்கு டீச்சர் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவர் எதிரில் அவள் ஓர் இந்திச் சொல்கூடப் பேசியதில்லை. அதனால் அவளுக்கு இந்தி வராது என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார். காய்கறி வண்டியும் பால் வரிசையும் சோப்ரா வீட்டு அம்மாளும் பகல் முழுக்க அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது ஆபீசில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கல் என்ற சொல்லைத் தனியாக நம்பக்கூடாது, பின்னால் வருகிற வினைச்சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை அவள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள்.

தீபாவளி கழிந்த ஒரு சனிக்கிழமை, அடுக்களையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கலியமூர்த்தி வாசலில் பக்கத்து வீட்டுச் சோப்ராவோடு பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. குரலைத் தணிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்போ ஏப்ரலில் கிளம்புகிறீர்களா?" என்று சோப்ரா இந்தியில் கேட்டார்.

"எங்கே? இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்று எங்கள் அதிகாரி கேட்டார்" என்றார் கலியமூர்த்தி, அவரும் இந்தியில்தான். "கல்..."

மாவுக்குள் இந்திராணியின் கை நின்றுவிட்டது. கல். நாளையா, நேற்றா? நாளை என்றால் இன்னும் பேச இடமிருக்கிறது; இன்று ராத்திரியே சொல்லித் தடுத்துவிடலாம். தெய்வமே, நாளை என்று வரட்டும்.

"...ஹாங் கர் தியா."

சரி என்று சொல்லியாயிற்று. நேற்றே.

"வீட்டில்?" என்றார் சோப்ரா.

"இன்னும் சொல்லவில்லை. பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும்."

இந்திராணிக்கு அழுகைகூட அப்புறம்தான், முதலில் வந்தது ஆத்திரம். அவளிடம் கேட்டாவது தொலைத்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒருவேளை அவளே விட்டுக்கொடுத்திருப்பாள். கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டார். இத்தனை வருஷக் குளிரையும் வெயிலையும் எதை நம்பித் தாங்கினாளோ, அதை வாசலில் நின்றபடி பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மாவை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். ராத்திரி சப்பாத்தியும் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஞ்சு அடிக்கிறவர் தோளில் வில்லை மாட்டிக்கொண்டு, நரம்பை டொய்ங் டொய்ங் என்று சுண்டியபடி தெருவில் வந்தார். கலியமூர்த்தி தாமாகவே பால்கனிக்குப் போய்க் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்திரா, இந்த வருஷம் ரஜாய் போட்டுருவோம்" என்றார், ரொம்பக் குழைவாக. "புள்ள இருமிக்கிட்டே கெடக்குது. நீயும் எவ்வளவுதான் கஷ்டப்படுவ?"

இதுதான் பக்குவம் போலிருக்கிறது. பஞ்சுக்குள் பொதிந்து தரப் பார்க்கிறார்.

"ஒரு குளிருக்கு எதுக்குங்க ரஜாய்?" என்று கேட்டாள் அவர் முகத்தைப் பார்த்தபடி. இப்போதாவது சொல்வாரா?

"இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

மூவரும் கீழே இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் மூட்டையை அவிழ்த்துவிட்டுப் பஞ்சுக்காரர் கேட்டார், "சிங்கிளா டபுளா, பாபுஜி?"

"டபுள் ஒண்ணு, சிங்கிள் ஒண்ணு" என்று கலியமூர்த்தி இந்தியில் ஆரம்பித்தார்.

"நஹீ பையா" என்றாள் இந்திராணி. "ஸிர்ஃப் ஏக் சிங்கிள்." ஒரே ஒரு சிங்கிள் போதும். பிறகு தங்குதடையில்லாமல், கரோல் பாக் கடைக்காரர்கள்கூடக் குறை சொல்ல முடியாத இந்தியில் பேசினாள். புதுப்பஞ்சாக இருக்க வேண்டும், பழசைக் கலந்தால் திருப்பிவிடுவேன், சாகிப் தனி ஆளாக இரண்டு வருஷம் இருக்கப் போகிறார், தையல் நெருக்கமாக இருக்கட்டும், பிரிந்தால் தைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது. நானும் மகளும் ஏப்ரலில் ஊருக்குப் போகிறோம், அதுவரை எங்களுக்குக் கம்பளி போதும்.

பூங்கொடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பஞ்சுக்காரர் "அச்சா, பஹன்ஜி" என்று வில்லை எடுத்தார்.

கலியமூர்த்தியின் முகம் வெளுத்துவிட்டது. மனைவிக்கு இந்தி வந்ததைப் பற்றி நினைப்பதா, நேற்று வாசலில் தாம் பேசியதைப் பற்றி நினைப்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

"இந்திரா... நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"தெரியும். பக்குவமா."

அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பஞ்சு நாலாபக்கமும் பறந்து அவர் தலையில் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் தட்டிவிடவில்லை.

"ஊருக்குப் போறதுன்னு எப்ப முடிவு பண்ணுன?" என்று கேட்டார்.

"கல்" என்றாள்.

பின்னால் ஒரு வினைச்சொல் வரும் என்று அவர் காத்திருந்தார். அவள் எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள்.