முப்பத்தொன்பதாவது முகம்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரு பெயர் அட்டை மட்டும்தான். அதை எழுத முடியாததால் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில், சிலெஞ்சே பகுதியில் நான் படித்த முத்தொண்டோ தொடக்கப்பள்ளிக்கு இந்த ஆண்டு அறுபது வயது. பள்ளியின் பதிவேடுகளைக் கறையான் தின்றுவிட்டது. யார் படித்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி, பழைய மாணவர்களின் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த வகுப்புப் படங்கள்தான். அவற்றைச் சுவரில் மாட்டி, கீழே பெயர்களை எழுதும் வேலையைத் தலைமையாசிரியர் சியாம்விசா என் தலையில் கட்டினார். அவர் டோங்கா, நான் லோசி; இரு இனத்தாரும் ஒருவரையொருவர் கேலி பேசிக்கொள்வது இங்கே வழக்கம்.

"லோசிக்காரங்களுக்கு மீன் தின்ன மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன், இனோங்கே. நீ பத்திரிகைல எல்லாம் எழுதுறியாமே?"

"டோங்காக்காரங்க மாட்டைத் தவிர வேற எதையும் எண்ணிப் பழகலைல்ல சார். அதான் நான் வரேன், முகத்தை எண்ண."

எண்ணினேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

1986, ஜூன், நான்காம் வகுப்பு. படத்தின் பின்னால் நிரோங்கோ டீச்சரின் சாய்ந்த எழுத்தில் முப்பத்தெட்டுப் பெயர்கள். முன்னால் முப்பத்தொன்பது முகங்கள். ஐந்து முறை எண்ணிவிட்டேன்.

(ஆறு முறை. ஆறாவது முறை நாற்பது வந்தது. ஜன்னலில் தெரிந்த டீச்சரின் தொப்பியையும் சேர்த்துவிட்டேன்.)

மற்ற முகங்களுக்கெல்லாம் பெயர் பொருத்தியபின் மிஞ்சியவள் இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். படம் எடுத்த நொடியில் தலையைத் திருப்பியிருக்கிறாள். ஒரு காது, ஒரு கன்னத்தின் கலங்கல், சட்டைக் கழுத்துப்பட்டி. அவ்வளவுதான் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் சிறுமி அவள் கையைப் பிடித்திருக்கிறாள்.

அந்தச் சிறுமி நான்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

‘அவள் கை சில்லென்று இருந்தது. இன்றும் அந்தக் குளிர்ச்சி என் உள்ளங்கையில் —’

இல்லை. பொய். ஜூன் எங்கள் ஊரில் குளிர்மாதம், எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறோம் என்பதைப் பார்த்து நானாகச் செய்துகொண்ட குளிர்ச்சி அது. அடுத்த தொடக்கம்:

‘நாங்கள் இருவரும் இணைபிரியாத —’

இதுவும் வேண்டாம். உண்மை இதுதான்: எனக்கு நினைவில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் யாருடைய கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறவள் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

3

சியாம்விசா சார் படத்தைப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இவர் யார்?’ என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னால் கதை இல்லை. மூவர் சொன்னால் அது வேடிக்கை. இரண்டு பேர் சொன்னதுதான் வினையாயிற்று.

முதல் ஆள் சோலா கபெம்ப்வா. மினி பஸ் ஓட்டுகிறார். வண்டியை ஓரம்கட்டிவிட்டே என்னைப் போனில் கூப்பிட்டார். பின்னால் பயணிகள் கத்துவது கேட்டது.

"அக்கா, அது எங்க கசுபா அக்கா. சந்தேகமே இல்ல. ஜூலைல தட்டம்மை வந்து போய்ட்டா. எனக்கு அப்ப அஞ்சு வயசு."

"வேற படம் ஏதாவது இருக்கா தம்பி? ஒத்துப் பாக்கலாம்."

"இருந்தா நான் ஏன் ரோட்டோரத்துல வண்டிய நிறுத்திட்டுப் பேசுறேன்? ஒண்ணுகூட இல்ல. அந்தப் படம் கழுவி வந்தப்ப அக்கா இல்ல. அம்மா ஸ்கூலுக்குப் போய் வாங்கிட்டு வரல. எப்படிப் போவாங்க?"

அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். சிலெஞ்சே முழுக்கத் தெரியும். மூத்த பிள்ளையின் பெயரால்தானே இங்கே தாயைக் கூப்பிடுகிறோம். சந்தையிலும் தேவாலயத்திலும் இன்றுவரை அவர் ‘கசுபா அம்மா’தான். பத்து வயதில் போன பிள்ளையின் பெயரை ஒரு நாளைக்கு இருபது முறை அடுத்தவர் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது செய்தி தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்தது. அனுப்பியவர் நொசிஃபோ என்ற பெண். அந்தப் பெயர் எனக்குப் புதிது.

"ரூத் ஃபிரின்னு சொன்னா ஞாபகம் வருமா, இனோங்கே?" என்று போனில் கேட்டாள்.

வந்தது. கொஞ்சம். ரூத் ஃபிரி என்று ஒருத்தி இருந்தாள். எங்கள் நியாஞ்சா மொழி பேசும்போது நாக்கு வேறு மாதிரி சுழலும்.

"அது பொய்ப் பேரு. அப்பா தெற்கே வெள்ளைக்கார ஆட்சிகிட்டயிருந்து தப்பி வந்தவர். எங்கள மாதிரி ஆளுங்க உங்க ஊர்ல நெறைய பேர் ஒளிஞ்சிருந்தாங்க. போட்டோவுக்கு நிக்கவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தார். ஆனா எல்லாரும் நிக்கிறாங்களே, ஆசையா இருந்துது. நின்னுட்டேன். கடைசி நொடில பயம் வந்து தலையத் திருப்பிட்டேன்."

ஆகஸ்டில் அவர்களைத் தான்சானியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வயதுக்கு முன் எடுத்த ஒரு படமும் அவளிடம் இல்லை.

"நான் ஒரு காலத்துல சின்னப் பொண்ணா இருந்தேன்னு காட்ட எங்கிட்ட எதுவுமே இல்ல. அந்தக் காது மட்டும்தான்."

4

ஆக, ஜூன் மாதத்தில் இருவரும் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. கூடுதல் முகமோ ஒன்று.

நிரோங்கோ டீச்சருக்கு எண்பத்தைந்து வயது. மகள் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நகத்தைக் கடிக்கிறத விட்டியா?" என்று கேட்டார். நினைவு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கை வந்தது.

"டீச்சர், பட்டியல்ல கசுபா பேரு ஏன் இல்ல?"

"படம் அக்டோபர்லதான் வந்துது. அப்ப உக்காந்து எழுதினேன். அந்தப் பிள்ள பேர் வந்தப்ப கை ஓடல. விட்டுட்டேன்."

"ரூத் ஃபிரி?"

"அவங்கப்பா வந்து கேட்டுக்கிட்டார், எங்கயும் எழுதாதீங்கன்னு. எழுதல."

"அப்ப ரெண்டு பேர விட்டிருக்கீங்க. ஆனா ஒரு முகம்தானே டீச்சர் அதிகமா இருக்கு?"

டீச்சர் படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நீட்டிப் பிடித்தும் பார்த்தார்.

"அப்ப ரெண்டுல ஒருத்தி அன்னிக்கி லீவு. வருகைப் பதிவேட்டப் பாரேன்."

"கறையான் தின்னுட்டுது டீச்சர்."

"அது என் தப்பா?" என்றார். படத்தை என் கையில் திணித்து, "கையப் பிடிச்சிருந்தவ நீ. எங்கிட்ட வந்து கேக்குற" என்றார்.

5

(இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்தேன்.)

முதல் முறை, நொசிஃபோவைச் சந்தேகித்தேன். பெயரையே மாற்றி வைத்திருந்தவள் கதையையும் கட்டியிருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். அவளைக் கொஞ்சம் தந்திரக்காரியாக்கினால் கதை எளிதாகிவிடும். வாசித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் முறை சோலாவைச் சந்தேகித்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் அம்மா, அன்று காலை கசுபாவின் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டதாகச் சொல்கிறார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஒரு வகுப்புப் படம் வந்தவர்களை மட்டும்தான் காட்டும். வராதவர்களுக்கென்று அதில் காலி இடம் இருக்காது. புகைப்படக்காரர் ‘நெருங்கி நில்லுங்க’ என்பார். எல்லோரும் நெருங்குவோம். இடைவெளி மூடிக்கொள்ளும். யார் வரவில்லை என்று அடுத்த நாளே யாராலும் சொல்ல முடியாது.

6

விழா சனிக்கிழமை பகலில் நடந்தது. நொசிஃபோ டர்பனிலிருந்து வந்திருந்தாள். உயரமாக, கழுத்தில் நீலத் துணியோடு, தயங்கித் தயங்கி நின்றாள். சோலா தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். இருவரையும் வெவ்வேறு நேரத்தில் வரச் சொல்லியிருந்தேன். இருவருமே கேட்கவில்லை.

பெயர் எழுதாத ஒரே படத்தின் முன்னால் நாங்கள் நால்வரும் நின்றோம். கசுபா அம்மாவுக்குப் பார்வை மங்கல்.

"எங்கடீ இருக்கா என் பொண்ணு? காட்டு" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். 

நொசிஃபோ முன்னால் வந்தாள். கிழவியின் விரலைப் பிடித்து, அந்தக் கலங்கிய கன்னத்தின்மேல் வைத்தாள்.

"இதோ இருக்கா, அம்மா."

டர்பனிலிருந்து இதற்காகத்தான் வந்தாளா? இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நொடி வரை அவளுக்கே தெரிந்திருக்காது.

கசுபா அம்மா விரலை எடுக்காமல் கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

சோலா அவசரமாக, "தெற்கேயிருந்து வந்திருக்காங்கம்மா. இங்க படிச்சவங்களாம். அது தன் படம்னு சொல்லிட்டிருந்தாங்க" என்றார். அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பேன்.

கசுபா அம்மா விரலை எடுத்துவிட்டார்.

"இது என் பொண்ணு இல்ல."

"அம்மா!" என்றார் சோலா.

"சும்மா இருடா. பெத்தவ எனக்குத் தெரியாதா? அவ போட்டோன்னா சிப்பாய் மாதிரி வெறைச்சிக்கிட்டு நிப்பா. தலைய இப்படித் திருப்புறவ இல்ல. இது இந்தப் பொண்ணு."

"இல்லம்மா, நான் அன்னிக்கி வரல. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது" என்றாள் நொசிஃபோ.

"எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகல. பொய் சொல்றது கேக்குது" என்றார் கசுபா அம்மா. "உன் அம்மா இருக்காங்களா?"

"இல்லம்மா."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"அப்ப ஏன் நின்னுட்டிருக்க? வா. கோழியெல்லாம் பசங்க தின்னு முடிச்சிடுவானுங்க."

கிழவி அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் ஷிமா என்னும் சோளக்களியும் கோழியும் பரிமாறும் இடத்துக்குப் போனார்கள். நானும் சோலாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.

"யாரு அக்கா பொய் சொல்றது?" என்று கேட்டார்.

7

இங்கே முடித்திருக்கலாம். ஒரு பிரதியில் முடித்தும் பார்த்தேன்: இரண்டு பெண்கள் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், வெயில் அழகாக இருக்கிறது. பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வந்ததே.

ஞாயிறு காலை விமான நிலையத்திலிருந்து நொசிஃபோ பேசினாள். "அந்தப் படத்துல ஒரு பிரதி அனுப்புவியா? பேரெல்லாம் வேணாம். சும்மா, எல்லாரையும் பாத்துக்கிட்டிருக்க."

மாலையில் சோலா பேசினார். வண்டி ஓடும் சத்தம் இல்லை. "அக்கா, அம்மா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. அந்தப் படம் ஒண்ணு சின்னதா கெடைக்குமான்னு கேக்கச் சொன்னாங்க. ‘என் பொண்ணுதான் இல்லையே, எதுக்கும்மா’ன்னேன். ‘கேட்டு வாங்குடா’ன்னு மட்டும் சொல்றாங்க."

இருவருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டின் பின்பக்கமும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை தச்சர் வந்து அட்டையைச் சட்டத்துக்குள் வைத்து ஆணி அடிக்கிறார். சியாம்விசா சார் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். முப்பத்தெட்டுப் பெயர்களை எழுதிவிட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பேர் தெரியும் என்று சொன்ன பிறகு அதுவும் பொய். இரண்டு பெயரையும் எழுதினால், வராத ஒருத்தியை வந்ததாகச் சொல்லும் பொய்.

என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். இதுவரை படித்த உங்களுக்கு, எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரியும். ஒரு நிபந்தனை மட்டும்: கசுபா என்று எழுதினால், டர்பனுக்கு நீங்கள்தான் போன் செய்ய வேண்டும். ரூத் என்று எழுதினால், சிலெஞ்சே சந்தைக்கு நேரில் போங்கள். வழி கேட்க வேண்டியிருக்கும். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ‘கசுபா அம்மா வீடு எது?’ என்று, நீங்களே உங்கள் வாயால் கேட்க வேண்டும்.