எட்டுப் பேர் தூக்கிய சந்தூக்

"எல்லாரும் ஒண்டாத் தூக்குங்க" என்று மௌலவி சொன்னதும் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மையித்து கிடந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அது தோளைத் தாண்டி மேலே போய்விட்டது. முன்னால் நின்றவன் தடுமாறி வாசல் நிலையில் இடித்துக்கொண்டான். நாலு பேர் போதும் என்று மௌலவி சொல்லியும் கேட்காமல் எட்டுப் பேரை நிறுத்தியவன் லத்தீப். உள்ளே கிடந்தது அவனுடைய உம்மா, றஹ்மத் உம்மா.

பள்ளிவாசலுக்குப் பாதி வழியில் நாலு பேர் தாமாகவே கழன்றுகொண்டார்கள். லத்தீப் அவர்களைக் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவள் உம்மா. அகதி முகாமில் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்து, யுத்தம் முடிந்து, கரையில் தோணி இழுக்க மகன் டிராக்டர் வாங்கிய பிறகுதான் உடம்பு வைத்தது. வைத்ததென்றால் கொஞ்சமாக இல்லை. அவள் உட்கார்ந்தால் கதிரை தெரியாது. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அயல்வீட்டு ஜபார் காக்காவின் ஜனாஸாவைச் சுமந்துபோய் அடக்கிவிட்டு வந்து எல்லாரும் லத்தீப் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஜபார் காக்கா நல்ல பாரம். தோளைத் தடவிக்கொண்டே லத்தீப் ஒரு பகிடி விட்டான்.

"எங்கட உம்மாவ ஆள் வச்சித் தூக்க ஏலா. தோணி இழுக்கிற டிராக்டரத்தான் கொண்டு வரணும்."

வீடே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் உம்மாதான். சிரித்துக்கொண்டே தன் பீங்கானிலிருந்த சோற்றில் பாதியைப் பேத்திக்குத் தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு நோன்பு என்பாள். சீனி வருத்தத்துக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பாள். கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் கை வைக்கும்போது, யாருடைய கை வாய்க்குப் போகவில்லை என்று யார்தான் பார்த்தார்கள்? அவள் மெலிய மெலிய ஊர் பாராட்டியது. "உம்மா இப்ப குமரு மாதிரி" என்று லத்தீப்பும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தான். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது.

அவன் மனைவி றைஸா மட்டும் ஒருநாள் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, மாமி சாப்புடுறதே இல்ல. போட்டுக் குடுக்கிற சோறு அப்பிடியே கோழிக்குப் போகுது."

"மெலியட்டும், நல்லதுதானே" என்று டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு கரைக்குப் போய்விட்டான். கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம், பாவி.

முந்தாநாள் அவள் மயங்கி விழுந்தாள். நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் மௌத்தானாள். சாப்பாடே காணாத உடம்பு, இருதயம் களைத்துவிட்டது, வீட்டில் ஒருவருமே கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். இன்று காலையில் மையித்தைக் குளிப்பாட்டிவிட்டு வந்த றைஸா, ஈரக் கையோடு அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"சொல்லாம இரிக்கத்தான் பாத்தன். ஏலாம இரிக்கி. நேத்து வாட்டுல மாமி என்னிட்ட ஒண்டு கேட்டாங்க."

"என்ன?"

"இப்ப நாலு பேர் போதும்தானே புள்ள, மகனுக்குத் தோள் நோகாதுதானே எண்டு."

அதைக் கேட்ட பிறகுதான் அவன் எட்டுப் பேரைத் தேடி ஓடினான்.

பள்ளியில் சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். தொழுகைக்கு முன் மௌத்தானவருக்காகப் பிள்ளை எழுந்து ஊராரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மௌலவி லத்தீப்பை முன்னுக்கு அழைத்தார்.

"எங்கட உம்மா ஆரையும் நோகப் பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றான்.

"மன்னிச்சிட்டம்" என்றது சபை.

உம்மா ஒருவரையும் நோகப் பேசியவளில்லை. நோகப் பேசியவன் இங்கே நின்றான். அவனை மன்னிக்க வேண்டிய ஒரே ஆளிடம் கேட்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

அவன் போகாமல் நிற்பதைக் கண்ட மௌலவி, "வேற ஏதும் சொல்ல இரிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மின்விசிறிக் காற்று, சந்தூக்கில் உம்மாவை மூடியிருந்த போர்வைக்குள் புகுந்து அதை நடுவில் உப்ப வைத்திருந்தது. லத்தீப் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல" என்றான்.

பிறகு குனிந்து போர்வையின் ஓரத்தைச் செருகிவிட்டான். அது மெல்லத் தணிந்து, பலகையோடு பலகையாகப் படிந்தது.